மூன்று நாள் வசூலை வைத்து ‘ஃபிளாப்’ என்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறு முதலீட்டு பிரிட்டிஷ் படம் ஒன்றின் முதல் மூன்று நாள் வசூலையும் தயாரிப்புச் செலவையும் அருகருகே போட்டு, ‘ஃபிளாப்’ என்று ஞாயிறு இணைப்பில் தீர்ப்பு எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு எண்ணும் ஒன்றோடொன்று ஒட்டாதவை.

பிரிட்டனில் வெளியிடும் வசூல் எண்ணுக்குள் 20% வாட் வரியும் அடக்கம். ஒரு உத்தேசக் கணக்கு போடுவோம். வசூல் ஒரு லட்சம் பவுண்டு என்றால் வரி போக 83,333. அடுத்தது தியேட்டர் பங்கு. இங்கே மும்பையில் 2009-ல் தயாரிப்பாளர்களுக்கும் மல்டிபிளெக்ஸ்களுக்கும் நடந்த தகராறுக்குப் பிறகு, மல்டிபிளெக்ஸில் இந்திப் படத்துக்கு முதல் வாரம் 50%, அடுத்தடுத்த வாரங்களில் 42.5, 37.5, 30 என்று படத்தின் பக்கம் போகும் ஷேர் முடிவானது. அங்கே படத்துக்குப் படம் பேரம். நட்சத்திரம் இல்லாத படத்துக்கு 35% கிடைத்தால் 29,167. விநியோகஸ்தர் கமிஷன் 30% போக 20,417. விளம்பரம், டிரெய்லர், டிஜிட்டல் பிரதிகளுக்கு அவர் 25,000 போட்டிருந்தால் அதையும் இதிலிருந்தே எடுப்பார். தயாரிப்பாளருக்கு ஒன்றும் வராது. அவர் பேரில் 4,583 பாக்கிதான் நிற்கும்.

ஆகவே இத்தகைய படங்கள் லண்டன் டிக்கெட் கவுன்டரை மட்டும் நம்பி எடுக்கப்படுவதில்லை. டிவி உரிமை, வெளிநாட்டு ஏரியாக்களுக்கான மினிமம் கேரண்டி (வசூல் எப்படியிருந்தாலும் தருவதாக உறுதி செய்த தொகை), அரசின் வரிச் சலுகை என்று பணம் வேறு வாசல்களில் வருகிறது. 2024 ஏப்ரல் 1 முதல் படப்பிடிப்பு தொடங்கிய, ஒன்றரைக் கோடி பவுண்டு பட்ஜெட்டுக்கு உட்பட்ட சுயாதீனப் படங்களுக்குச் செலவில் 53% சலுகை. இதைப் பலர் பாதிக்கு மேல் திரும்பிவிடும் என்று படிக்கிறார்கள். அந்தச் சலுகையின் மேல் 25% வரி உண்டு, படத்தை எடுத்து முடிக்கும் அடிப்படைச் செலவில் 80% வரைதான் கணக்கில் எடுப்பார்கள். கடைசியில் கைக்கு வருவது 31.8%, ஐந்து லட்சம் பவுண்டு படத்துக்கு 1,59,000.

வசூலைத்தான் பார்ப்போம் என்றால் திரைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 15 திரையில் 30,000 வந்தால் திரைக்கு 2,000. 400 திரையில் இரண்டு லட்சம் வந்தால் திரைக்கு 500தான். இரண்டாம் வாரம் பல தியேட்டர்கள் கைவிடப்போவது இந்தப் பெரிய எண் காட்டிய படத்தைத்தான். இதிலும் ஒரு கண்ணி உண்டு. வெள்ளிக்கு முன் நடந்த சிறப்புக் காட்சிகளின் வசூலைத் தொடக்க வசூலோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் அங்கே இருக்கிறது. இயக்குநர் வந்து பேசும் காட்சிகள் இரண்டு நிறைந்தால் போதும், சராசரி ஊதிவிடும்.

செலவு எண்ணும் அப்படியே நம்பத் தக்கதல்ல. கிறிஸ்டோபர் நோலனின் முதல் படம் ‘ஃபாலோயிங்’ சுமார் 6,000 டாலரில் முடிந்தது என்பார்கள். நண்பர்கள் சம்பளமில்லாமல் நடித்த கணக்கு அது. அந்தப் படத்தின் பலன் டிக்கெட் வசூலில் இல்லை, 2000-ல் வந்த அவருடைய அடுத்த படமான ‘மெமென்டோ’வில் இருக்கிறது.

சந்தியா சூரியின் ‘சந்தோஷ்’ இந்தி பேசும் பிரிட்டிஷ் படம். 2024-ல் கான் விழாவுக்குப் போனது, ஆஸ்கருக்கு பிரிட்டன் சார்பில் அனுப்பப்பட்டது. 2025-ல் இங்கே தணிக்கையில் சிக்கித் தியேட்டருக்கே வரவில்லை. இந்திய வசூலை வைத்து அதற்கு என்ன பெயர் சூட்டுவீர்கள்?

இனி வசூல் போடும்போது எத்தனை திரை, சிறப்புக் காட்சி சேர்ந்ததா என்பதையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். ஒரு வரிதான் கூடும்.

— விநியோகக் கணக்கு பார்க்கும் வாசகர்கள் இருவர்,
மாட்டுங்கா, மும்பை