கன அடியைத் தெருக்கணக்கில் சொல்லுங்கள்

பாலாற்றைக் கவனித்துவரும் நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்கும், வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்ட ஆட்சியர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில், தரையிலிருந்து 2 அடி 7 அங்குல உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு இருக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு வீட்டுக்குள் வந்து நின்ற மட்டம் அது. அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம், அந்த இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் சுண்ணாம்பு படாமல் விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டேன். இந்த மடலை எழுதத் தூண்டியது அந்தக் கோடுதான்.

தண்ணீர் வருவதற்கு முன்னால் எங்கள் தெருவுக்கு எச்சரிக்கை வந்தது. ஒலிபெருக்கியில் நொடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்றார்கள். கரையோரம் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போகச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "நம் வாசற்படி வரைக்கும் வருமா, வராதா?" ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர் என்று எனக்குத் தெரியும். வாசற்படிக்கு வருமா என்று தெரியவில்லை. அவர் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவைத்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். கட்டிலும் நனைந்தது.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் வழி இன்று இருக்கிறது. ஏறக்குறைய 10 கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் என்று பிரித்து, அரை மணிக்கு ஒரு முறை மழையின் அளவைச் செயற்கைக்கோள்களைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். பெய்ததில் எவ்வளவை மண் குடிக்கும், எவ்வளவு ஓடையில் இறங்கும், அது எத்தனை மணியில் ஆற்றை அடையும் என்று, நீரியல் மாதிரிகள் எனப்படும் கணினி நிரல்கள் கணக்கிடுகின்றன. அந்த நீர் ஆற்றின் குறுக்கே எந்த உயரத்தில் ஓடும், எங்கே கரை தாண்டும் என்பதை இன்னொரு கணக்கு சொல்லும். இதற்கான மென்பொருள்களில் விலையின்றிக் கிடைப்பவையும் உண்டு.

ஆனால் பாலாறு எளிதில் கணக்குக்குள் அடங்குகிற ஆறு அல்ல. மேகம் மூடியிருக்கும்போதும் தரையைப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோளையே எடுத்துக்கொள்வோம். அமைதியான நீர்ப்பரப்பில் படும் ரேடார் அலை வேறு பக்கம் தெறித்துப் போய்விடுவதால், படத்தில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். காய்ந்த மணலும் ஏறக்குறைய அப்படியே கறுப்பாகத்தான் தெரியும். ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் எங்கள் ஆற்றைப் படத்தில் மட்டும் பார்ப்பவர், கோடையிலும் வெள்ளம் ஓடுகிறது என்று நினைத்துவிடக்கூடும். சீமைக்கருவேலம் மண்டிய இடத்திலோ, அடியில் தண்ணீர் நின்றாலும் படத்தில் கறுப்பு தெரியாது. இந்த மண்ணில் நடந்து பழகியவர்கள் அந்தப் படங்களைச் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது ஆற்றின் வயிறு. தரையின் உயரத்தை 30 மீட்டருக்கு ஒரு புள்ளியாகக் காட்டி, உலகமெங்கும் பயன்படும் வரைபடம் ஒன்று 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு பாலாற்றில் அள்ளப்பட்ட மணல் எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளமான ஆற்றைப் பழைய மேடாகவே வைத்துக் கணக்கிட்டால் விடை தவறும். தவிர, அந்த வரைபடத்தில் உயரமே சில மீட்டர் பிசகலாம். எங்களுக்கோ ஓர் அடி வித்தியாசத்தில் வீடு தப்பும் அல்லது மூழ்கும். பாலத்துக்குப் பாலம் ஆற்றின் குறுக்கே புதிதாக மட்டம் எடுக்காமல் இதைச் சரிசெய்ய முடியாது.

ஏரிகளையும் விட்டுவிடாதீர்கள். ஐப்பசியில் பெய்யும் முதல் மழையை ஏரிகள் வாங்கிக்கொள்ளும். எல்லா ஏரியும் நிறைந்து வழிந்து கோடி போகத் தொடங்கிய பிறகு அதே அளவு மழை பெய்தால் தண்ணீர் தங்குவதற்கு இடமில்லை. 2021இல் அதுதான் நடந்தது. வாலாஜா அருகே பாலாறு அணைக்கட்டில் நீர்வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது.

348 கிலோமீட்டர் நீளமுள்ள பாலாற்றில் 222 கிலோமீட்டர்தான் தமிழ்நாட்டில். மேலே கர்நாடகமும் ஆந்திரமும் இருக்கின்றன. சித்தூர்ப் பக்கம் கலவகுண்டா அணையைத் திறந்தால், பாலாற்றில் வந்து சேரும் பொன்னையாற்றில் தண்ணீர் வருகிறது. 1903 நவம்பர் 12இல் வாணியம்பாடியை அழித்த வெள்ளமும் மேலிருந்து வந்ததுதான்; மாண்டவர்களுக்கான நினைவுத்தூண் இன்றும் அங்கே நிற்கிறது. 2019இல் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். வெள்ளக் கணக்கையும் அப்படிப் பிரிக்காமல், மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு நீரியல் மாதிரி வேண்டும். அதில் மேலே பெய்யும் மழையும் சேர வேண்டும்.

அந்த நீரியல் மாதிரி தரும் கணக்கு சரியா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்? ஒரு ரேடார் செயற்கைக்கோள் அதே பாதையில் திரும்பிவர 12 நாளாகலாம். எங்கள் தெருவில் வெள்ளம் உச்சத்தில் நின்றது ஒரே இரவு. அந்த இரவின் மட்டம் எங்கள் சுவர்களில்தான் இருக்கிறது. ஆம்பூரிலிருந்து திருவலம் வரை கரையோர வீடுகளிலும் கோயில் மதில்களிலும் அதைக் காட்டக்கூடியவர்கள் இருக்கிறார்கள். மட்டக் கருவியோடு இரண்டு பேர் தெருத்தெருவாக வந்தால் போதும். கல்லூரி மாணவர்களே செய்துவிடுவார்கள். பிறகு 20 ஆயிரம் கன அடிக்கு எந்தத் தெரு, 50 ஆயிரத்துக்கு எந்தத் தெரு, ஒரு லட்சத்துக்கு எந்தத் தெரு என்று தமிழில் வரைபடம் போட்டு ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். பாலத்தூண்களில் அதே அளவுகளை வண்ணத்தில் எழுதுங்கள்.

எதிர்வீட்டுச் சுவரில் இருந்த கோட்டின்மேல் போன வருடம் பெயின்ட் அடித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா வீட்டில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் தெரிகிறது. அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்குள் ஆள் அனுப்புங்கள். டேப் பிடிக்க நான் வருகிறேன்.

இப்படிக்கு,
பாலாற்றின் வடகரையில் குடியிருக்கும் ஒருவன்