ஓசூர்க் காற்றைப் பயன்படுத்தலாமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையச் சேவைகளை நடத்தும் சர்வர் கணினிகள் இரவும் பகலும் ஓடும் தரவு மையங்களுக்கான தமிழக அரசின் கொள்கை 2021இல் வந்தது. அந்தக் கட்டடங்களைக் குளிர்விக்கச் செலவாகும் மின்சாரம் பற்றிப் பேச்சு போதவில்லை.

சென்னையில் சர்வர் அறைகளின் ஏசி பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உள்ளே போக ஸ்வெட்டர் தேவைப்படும். அவ்வளவு குளிர் சர்வர்களுக்குத் தேவையே இல்லை! நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்கிறது குளிரூட்டல் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஆஷ்ரேயின் (ASHRAE) பரிந்துரை. நம்மைப் போலவே புழுக்கமான சிங்கப்பூர், 26 டிகிரியிலும் அதற்கு மேலும் இயக்குவதற்கான தரநிலையை 2023இல் வெளியிட்டுவிட்டது.

சுவீடனின் லூலியோவில் ஃபேஸ்புக் 2013 முதல் வெளிக்காற்றையே வடிகட்டி உள்ளே விடுகிறது. சென்னையில் அது சரிவராது. கடல் உப்பும் ஈரமும் சர்க்யூட் போர்டுகளை அரித்துவிடும். தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கலாம் என்றால், ஈரப்பதம் மிகுந்த காற்றில் பலன் குறைவு. கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் அதைக் கேட்பதும் நியாயமில்லை.

ஆனால் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெளிக்காற்று 20 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது. அந்தக் காற்றை உள்ளே கலக்க விடாமல், வெப்பப் பரிமாற்றி வழியாகச் சூட்டை மட்டும் வாங்கிப்போகச் செய்தால், அந்நேரங்களில் கம்ப்ரசரை நிறுத்தியே வைக்கலாம்.

சலுகை கேட்டு வரும் நிறுவனங்கள், ஆண்டில் எத்தனை மணி நேரம் கம்ப்ரசர் இல்லாமல் ஓட்டுவார்கள் என்பதை அரசு எழுத்தில் வாங்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஏசி மெக்கானிக், ஓசூர்