பீட்டாவைத் திட்டும் முன் கேபினட்டைத் தொட்டுப் பாருங்கள்

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வட்டாரத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் அண்ணன்மாருக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். டீக்கடை பெஞ்சில் கைமாறிக்கொண்டே இருக்கும், ரெண்டர் நேரத்தை ஒப்பிட்ட அந்தத் தாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். உபுண்டு 24.04 இயங்குதளத்தின் பீட்டாவில், அதாவது வெளியீட்டுக்கு முந்திய சோதனைப் பதிப்பில், ஒரு வரிசை; ஃபைனலில் ஒரு வரிசை. ரெண்டிலும் அதே கல்யாண ரீல், அதே கேடென்லைவ் எடிட்டிங் மென்பொருள். ஃபைனலில் எல்லா ரெண்டரும் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) சீக்கிரம் முடிந்திருக்கிறது. "பீட்டா இழுக்கும்" என்று அதற்கு அடியில் சிவப்பு மையில் தீர்ப்பு வேறு.

தாளின் மூலையைப் பார்த்தீர்களா? பீட்டா ஓட்டியது ஏப்ரல் மதியம், ஃபைனல் ஓட்டியது ஜூன். 2024 ஏப்ரலில் பாலக்காடு 40 டிகிரியைத் தாண்டியது. தகர ஷீட் போட்ட கடை, கேபினட்டில் கை வைத்தால் தோசைக்கல். பிராசஸர் சூடு ஏறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஜூனில் மழையும் கணவாய்க் காற்றும் வந்துவிட்டன. நீங்கள் அளந்தது பாதி வெயிலை.

உபுண்டுவில் பீட்டா வருவதற்கு முன்பே புது அம்சங்கள் சேர்ப்பது நின்றுவிடும்; இந்தப் பதிப்புக்கு அது பிப்ரவரி கடைசியிலேயே முடிந்தது. அப்புறம் பிழை திருத்தம்தான் பெரும்பாலும். அதுவும் போக, பீட்டா போட்டு தினமும் அப்டேட் அடித்தவர்களுக்கு ஏப்ரல் 25-ல் அதுவே ஃபைனலாகிவிட்டது. தனியாக என்னத்தை ஒப்பிட்டீர்கள்?

வெளியீட்டுக்கு முந்தியது மெதுவாக இருக்கும் என்பது சில இடங்களில் உண்மைதான். ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தின் வளர்ச்சிக் கிளையில் விட்னஸ், இன்வேரியன்ட்ஸ் என்ற பிழை கண்டுபிடிக்கும் சோதனைகள் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் வேகம் குறையும் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். உபுண்டு பீட்டாவுக்கு அந்தப் பழியைப் போட முடியாது.

அளக்கவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதே 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர், உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் வெளியீட்டுக்கு முந்திய கிளையில் எஸ்எஸ்எச் லாகின் (தூரத்திலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழைவது) அரை நொடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்தார். அரை நொடி! வேறு யாராக இருந்தாலும் "பீட்டாதானே" என்று விட்டிருப்பார்கள். அவர் தோண்டினார், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் மென்பொருளில், அடுத்தவர் கணினிக்குள் நுழைய யாரோ ஒளித்து வைத்த கள்ளவாசல் வெளியே வந்தது. 24.04 பீட்டா ஒரு வாரம் தள்ளிப்போனதே அதனால்தான். அவர் எண்ணோடு நிற்கவில்லை, காரணத்தைத் தேடினார்.

நம் தாளை நம்பி ஒரு தம்பி புது மெஷினைத் திருப்பிக் கொடுத்து அட்வான்ஸையும் விட்டுவிட்டான். எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

சரி, என் கடையில் ஒரு எஸ்எஸ்டி சும்மா கிடக்கிறது. நெட்டில் இணைக்காமல், அப்டேட் செய்யாமல் அதில் பீட்டாவைப் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிறு சாயங்காலம் அந்த ரீலோடு வாருங்கள். ஒரே மெஷினில், அதே சாயங்காலத்தில் ரெண்டையும் மாற்றி மாற்றி மும்மூன்று தடவை ஓட்டலாம். பூட் ஆனவுடன் வரும் முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சென்சார்ஸ் கட்டளை காட்டும் பிராசஸர் சூட்டைப் பக்கத்தில் எழுதுவோம். டீ என் செலவு.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து உங்களில் ஒருவன்