கூட்டுக் குடும்பம் மாதிரிதான், நைனா

அட்லாண்டா
30-3-2025

அன்புள்ள நைனாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் ஆயாவும் நலமா? இன்றைக்கு யுகாதி. எதிர்வீட்டிலிருந்து வேப்பம்பூப் பச்சடி வந்திருக்கும், என் பங்கையும் ஆயாவே சாப்பிட்டுவிடட்டும். இங்கே ஊர் முழுக்க மஞ்சள் தூள் கொட்டின மாதிரி கிடக்கிறது. பைன் மரத்து மகரந்தம். கார் மேல், ஜன்னல் விளிம்பில், மூக்குக்குள், எங்கே பார்த்தாலும் அதுதான். தும்மிக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

போன ஞாயிறு போனில் கேட்டீர்கள்: "கூட்டு ஆராய்ச்சின்னா என்னம்மா, கூட்டுக் குடும்பமா?" பதில் சொல்வதற்குள் நம் லாட்ஜ் கவுண்டரில் யாரோ ரூம் கேட்டு வந்துவிட்டார்கள். நீங்கள் "கேமொன் ஆச்சேன்" என்று பெங்காலியில் ஆரம்பித்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் வேலூரை வைத்தே சொல்கிறேன். காட்பாடியில் விஐடி இன்ஜினியரிங் காலேஜ் இருக்கிறது, ஊருக்குள் சிஎம்சி ஆஸ்பத்திரி இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு டிபார்ட்மெண்ட் நடத்தினால் எப்படி இருக்கும்? என் நிலைமை அதுதான். ஜார்ஜியா டெக் அரசுப் பல்கலைக்கழகம். இன்ஜினியரிங்கில் பெரிய பெயர், ஆனால் மருத்துவக் கல்லூரி கிடையாது. எமரி தனியார். அங்கே மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரிகளும் உண்டு, இன்ஜினியரிங் கல்லூரி இல்லை. 1997-ல் இருவரும் சேர்ந்து பயோமெடிக்கல் இன்ஜினியரிங் துறையை ஆரம்பித்தார்கள். நான் முடித்தால் (முடித்தால்!) பட்டத்தில் இரண்டு பெயரும் இருக்கும்.

துறைக்கு வாலஸ் கோல்ட்டர் என்பவரின் பெயர் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு டெங்கு வந்தபோது தினமும் ரத்தம் எடுத்து பிளேட்லெட் எத்தனை என்று சொன்னார்களே, அப்படி எண்ணுவதற்கு வழி கண்டவர் அவர். ஊசி முனை போன்ற துளை வழியாக அணுக்களை ஒவ்வொன்றாகப் போகவிட வேண்டும். ஒன்று நுழையும்போது மின்தடை சட்டென்று மாறும், அதை ஒன்று என்று எண்ணிக்கொள்ள வேண்டும். தியேட்டர் வாசலில் ஆளாளாக உள்ளே விட்டு டிக்கெட் கிழிக்கிற கணக்குதான். 1953-ல் காப்புரிமை வாங்கினார்.

இரண்டு வளாகத்துக்கும் நடுவே பத்து கிலோமீட்டர் இருக்கும். பாகாயத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் நடுவே காலேஜ் பஸ் ஓடுகிற மாதிரி இங்கேயும் பஸ் ஓடுகிறது. என் படிப்பில் பாதி அந்த பஸ்ஸில்தான் நடக்கிறது. இன்ஜினியர் ஒரு கருவியைக் காட்டி "எவ்வளவு சின்னது பாருங்கள்" என்பார். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அழுகிற குழந்தை கையில் இது நிற்குமா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் ஆறு மாத வேலை போய்விடும். கூட்டுக் குடும்பம் என்று நீங்கள் கேட்டது சரிதான் நைனா. கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும், ஃப்ரீஸர் ரிப்பேருக்கு யார் காசு கொடுப்பது என்கிற சண்டையெல்லாம் இங்கேயும் உண்டு.

பெரிய இயந்திரங்கள் எல்லாம் பொது. ஒரு லேப் தனியாக வாங்க முடியாத விலை. மணிக்கு இவ்வளவு என்று வாடகை, கம்ப்யூட்டரில் முறை பதிய வேண்டும். காவேரிப்பாக்கம் ஏரித் தண்ணீருக்குத் தாத்தா முறை வைத்துக் காத்திருப்பாரே, அதே கதை. முறை தவறினால் பயிர் காயும்.

எனக்கும் காய்ந்தது. ஜனவரியில் ஒரு நாள் மாலை ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தம் வந்தது. இரண்டு ஸ்பூன்கூட இருக்காது. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். சில மணி நேரத்துக்குள் அணுக்களை லேசர் முன்னால் ஓடவிட்டுப் பார்த்துவிட வேண்டும். நான் முறை பதிய மறந்திருந்தேன். இயந்திரத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார், இரவு பத்து வரை அவர் நேரம். காலையில் அந்த ரத்தம் எதற்கும் உதவாது. டாக்டர் அம்மா திட்டவில்லை. "அந்தப் பையன் மறுபடி வர ஆறு மாதம் ஆகும்" என்று மட்டும் சொன்னார். அம்மாவும் அப்பாவும் சம்மதக் கையெழுத்துப் போட்டு, அவன் கையை நீட்டிக் கொடுத்த ரத்தம். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. அன்றிலிருந்து பஸ் ஏறுமுன் மூன்று தடவை முறையைப் பார்க்கிறேன்.

அப்புறம் ஒரு நல்ல சேதி. எமரி பக்கம் ஒருவர் எனக்கு எந்த ஊர் என்று கேட்டார். வழக்கம்போல "சென்னைக்குப் பக்கத்தில்" என்று ஆரம்பித்தேன். ஆள் விடவில்லை. வேலூர் என்றதும், "ஹீமோபிலியா வேலூரா?" என்றார்! நான் திருதிருவென்று விழித்தேன். நம் லாட்ஜிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நடந்ததை அட்லாண்டாக்காரர் எனக்குச் சொல்கிறார்.

ஹீமோபிலியா ஏ என்றால் ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணி உடம்பில் போதுமான அளவு இல்லாத நோய். அந்தக் காரணியைச் செய்யும் மரபணுவை உள்ளே அனுப்புவதற்கு வழக்கமாக ஒரு வைரஸை வண்டியாக்குவார்கள். ஆனால் நிறையப் பேர் உடம்பில் அந்த வைரஸுக்கு எதிர்ப்பு ஏற்கெனவே இருக்கும், அவர்களுக்கு அது பலிக்காது. சிஎம்சிக்காரர்கள் நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லையே (புது ரத்த அணுக்களைப் பிறப்பிக்கும் மூல அணு) எடுத்து, வேறு வகை வைரஸால் மரபணுவை அதற்குள் ஏற்றி, திரும்ப அவருக்கே செலுத்தினார்கள். மரபணு எமரியில் உருவானது. கொஞ்சம் மனிதனுடையது, கொஞ்சம் பன்றியினுடையது. பன்றிப் பகுதி சேர்ந்தால் காரணி அதிகம் சுரக்கிறதாம். (ஆயாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.) 5 பேருக்குச் செய்தார்கள். கண்காணித்த காலம் முழுக்க ஒருவருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை. 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த மாதிரி சிகிச்சைக்கு வருகிறவர் ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட முடியுமா? கூட வந்தவர்கள் எங்கே தங்குவார்கள், கஞ்சி யார் வைத்துக் கொடுப்பார்கள்? நம் மாதிரி லாட்ஜ்களில்தானே. பேச்சு நடப்பதும் அங்கேதான். இங்கே ஆட்கள் தற்செயலாகச் சந்தித்துப் பேசட்டும் என்றே சோபாவும் காபி இயந்திரமும் போட்டுக் கண்ணாடி அறை கட்டியிருக்கிறார்கள். நான் பார்த்தவரை எல்லாரும் கோப்பையை நிரப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். காந்தி ரோடு டீக்கடையில் நடக்கும் பேச்சில் கால்வாசிகூட இங்கே இல்லை.

இன்னொன்று. போன வாரம் லேபில் ஒரு பழைய கட்டுரை படித்தோம். 2002-லிருந்து வேலூரில் கஸ்பா, சின்ன அல்லாபுரம் பக்கம் பிறந்த குழந்தைகளை மூன்று வயது வரை பின்தொடர்ந்து, குழந்தைகளுக்குப் பேதி உண்டாக்கும் ரோட்டா வைரஸைப் படித்தது. 373 குழந்தைகள். வாரம் இரண்டு தடவை வீட்டுக்கு ஆள் போய்ப் பேதி உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு உடனே அத்தை வீட்டு ஞாபகம்தான் வந்தது. பையோடு ஒரு அக்கா வருவார், அத்தை "பேதியும் இல்லை, ஒண்ணும் இல்லை, உட்காரு, மோர் குடி" என்பாள். நம் குமார் பிறந்ததும் அப்போதுதான். அத்தையிடம் அந்த ஆராய்ச்சியின் அட்டை ஏதாவது இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். லேபில் காட்ட வேண்டும்.

பணம் அனுப்பியிருக்கிறேன், அம்மாவின் கண் செக்கப்பைத் தள்ளிப்போடாதீர்கள். முள்ளுக் கத்திரிக்காய்க்கு நாக்கு ஏங்குகிறது. இங்கே டெகேட்டர் கடையில் கிடைப்பது பளபளப்பு மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு காலை உங்கள் நேரம் ஏழு மணிக்குக் கூப்பிடுகிறேன். ஹவுரா வண்டி கூட்டம் வந்து இறங்கியிருந்தால் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம்.

உங்கள் மகள்,
தேவி