கட்லாவுக்கு ரீல் வாங்கப் போகிறாயா, இதைப் படித்துவிட்டுப் போ

மாப்ள,

தீபாவளிக்கு நீ போட்ட மெசேஜுக்கு இப்போதுதான் பதிலா என்று திட்டாதே. குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, மழைக்குத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் காவல் காத்ததில் வேறெதுவும் ஓடவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. உன் தங்கச்சி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

விஷயம் என்னவென்றால், கட்டையனின் தூண்டில் ராடு கொள்ளிடத்தோடு போய்விட்டது. அணைக்கரைக்குக் கிழக்கே, நம் பழைய இடம்தான். டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது தூண்டில் நரம்பை நழுவவிடுகிற ரீலின் பிடியை, முழுசாக இறுக்கி வைத்தபடியே ராடைக் கவட்டைக் குச்சியில் சாய்த்துவிட்டு டீ வாங்கக் கரையேறியிருக்கிறான். நான் சத்தம் போடுவதற்குள் மணலில் கோடு இழுத்துக்கொண்டு போய் தண்ணீரில் இறங்கிவிட்டது. பின்னாலேயே பாயப் பார்த்தவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். மணல் அள்ளிய குழி எங்கே கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முழங்கால் தண்ணீர் என்று நினைத்து வைக்கிற அடுத்த எட்டில் ஆள் போய்விடுவான். எத்தனை வீட்டுப் பிள்ளைகளை அந்த ஆறு கொண்டுபோயிருக்கிறது என்று உனக்கும் தெரியும். ராடு போனால் போகட்டும், நீ வந்தாலும் இதேதான், மீனுக்காகத் தண்ணீரில் இறங்கக் கூடாது.

சரி, ரீலுக்கு வருகிறேன். தைக்கு வரும்போது வாங்கி வருவதாகப் படம் அனுப்பினாயே, அந்த 10000 அளவு ரீல் வேண்டாம். அது பெரிய ஏரியில் நூறு மீட்டருக்கு மேல் வீசுகிறவர்களுக்கு. நாம் முப்பது நாற்பது மீட்டரைத் தாண்டி எங்கே வீசுகிறோம், அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் மணிக்கட்டுதான் போகும். 5000 அல்லது 6000 போதும், 0.35 மில்லிமீட்டர் நரம்பு இருநூற்றைம்பது மீட்டர் ஏறினால் சரி.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது பின்னால் இருக்கும் அந்தச் சின்ன லீவர். 'பெயிட்ரன்னர்' என்பார்கள், ஷிமானோ வைத்த பெயர், மற்ற கம்பெனிகளிலும் வேறு பெயரில் இருக்கிறது. லீவரைத் தள்ளிவிட்டால் மெயின் டிராக் விலகி, மீன் இழுக்க இழுக்க, நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் லேசாகச் சுற்றி நரம்பைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் மெயின் டிராக் பழையபடி பிடித்துக்கொள்ளும். இது இருந்திருந்தால் கட்டையன் டீயைக் குடித்து முடித்துவிட்டே வந்திருக்கலாம்!

அடுத்தது டிராக். கடைக்காரன் பதினைந்து கிலோ டிராக் என்று பெருமையடிப்பான், அதைக் காதில் வாங்காதே. 7 கிலோ தாங்கும் நரம்புக்கு 2 கிலோவில் ஸ்பூல் நழுவினால் போதும், மீன் விற்கிறவர்கள் வைத்திருக்கும் தொங்குதராசை நரம்பின் நுனியில் மாட்டி இழுத்தாலே தெரிந்துவிடும். எவ்வளவு இறுக்கும் என்பதைவிட எப்படி நழுவத் தொடங்குகிறது என்பதுதான் முக்கியம். முதலில் ஒட்டிக்கொண்டு அப்புறம் வெடுக்கென்று விட்டால் அந்த வெடுக்கிலேயே நரம்பு அறும், இல்லை முள் பிய்த்துக்கொண்டு வரும். கட்லாவின் வாய் எவ்வளவு பெரிசோ உதடு அவ்வளவு மெத்து, நீயே தொட்டுப் பார்த்திருக்கிறாய். அது 30 கிலோவைத் தாண்டியும் வளருகிற மீன். முதல் ஓட்டத்தைப் பிடித்து நிறுத்த நினைக்காமல் ஓடவிட்டுத்தான் களைக்க வைக்கணும்.

பேரிங் பத்து, பன்னிரண்டு என்று எழுதியிருப்பதற்குக் காசு கொடுக்காதே. கியர் 4.8:1 கிட்டே இருக்கட்டும், அதாவது கைப்பிடி ஒரு சுற்றுக்கு நரம்பு 4.8 சுற்று ஏறணும், 6.2:1 வேகமாகச் சுற்றும், ஆனால் கனமான மீனைத் தூக்க வலு பத்தாது.

இன்னொன்று, இதை யாரும் பார்ப்பதில்லை. பெயில் கம்பி, அதுதான் நரம்பை ஸ்பூலுக்குத் திருப்பிவிடுகிற வளைந்த கம்பி, அதன் ஓரத்தில் நரம்பு வளைந்து ஏறுகிற இடத்தில் ஒரு குட்டி ரோலர் இருக்கும். கடையிலேயே அதன் மேல் கொஞ்சம் பஞ்சை வைத்து இழு, ஒரு இழை சிக்கினாலும் அந்த ரீலைத் திருப்பி வைத்துவிடு. அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால், பெரிய மீன் இழுக்கும்போது அங்கேதான் நரம்பு தேயும். ரோலர் விரலால் தள்ளினால் சுற்றணும், சுற்றாவிட்டால் நரம்பு முறுக்கிக்கொண்டு சுருள் சுருளாக வரும்.

பின்னல் நரம்பு வாங்காதே. அது துளிகூட நீளாது, மெத்தென்ற உதட்டுக்கு ஆகாது, பாலத்துத் தூணில் உரசினாலும் அறுந்துவிடும். சாதா நைலானே போதும். உபரி ஸ்பூல் கொடுக்கிற மாடலாகப் பார், ஒன்றில் ரோகுவுக்கு மெல்லிசு நரம்பு சுற்றிக்கொள்ளலாம்.

கட்டையனுக்கும் ஒன்று வாங்கி வா, பணத்தை நான் உன் அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன், அவனிடம் இப்போதைக்குச் சொல்லாதே. இரைக்குப் புண்ணாக்கும் தவிடும் என் பொறுப்பு. என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் சீக்கிரம் எழுது, சம்பா அறுப்புக்கு ஆள் சொல்லணும்.