ஆண்டறிக்கை: காந்தமும் மின்சாரமும் கைகோக்கும் மூலக்கூறுகள்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

காட்பாடியில் மாதந்தோறும் கூடும் நம் அறிவியல் வாசிப்பு வட்டம் இந்த ஆண்டு ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டது: மூலக்கூறின் காந்தத்தன்மையை மின்புலத்தால் மாற்ற முடியுமா? அக்னி நட்சத்திரத்தில் ஒரு கூட்டம் நின்றுபோனது. மற்றவை தவறாமல் நடந்தன.

பிளஸ் டூ அணைவுச் சேர்மங்கள் பாடத்திலிருந்தே தொடங்கினோம். இரும்பு(II) அயனியில், ‘டி’ என்னும் துணைக்கூட்டில் ஆறு எலக்ட்ரான்கள். எல்லாம் ஜோடி சேர்ந்தால் காந்த ஈர்ப்பு இல்லை. நான்கு தனித்து நின்றால் உண்டு. சில சேர்மங்களில் சூட்டாலோ ஒளியாலோ ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாம். அப்போது இரும்பு–நைட்ரஜன் பிணைப்பு சுமார் 2 ஆங்ஸ்ட்ராமிலிருந்து (சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்) 2.2 ஆக நீளும். நம் ரத்தத்திலும் இதே கதைதான். ஆக்சிஜன் ஏறியதும் ஹீமோகுளோபினின் காந்த ஈர்ப்பு போய்விடுகிறது என்று பாலிங், கோரியெல் என்ற வேதியியலாளர்கள் 1936-ல் காட்டினார்கள். சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று மனதில் பதிந்தது.

சரி, மின்சாரம் எங்கே வருகிறது? சில கோபால்ட் சேர்மங்களில், உலோகத்தைச் சுற்றிப் பிணைந்திருக்கும் மூலக்கூறான ஈந்தணைவியிலிருந்து ஓர் எலக்ட்ரான் உலோகத்துக்குத் தாவுகிறது. காந்தத்தன்மை மாறுகிறது, கூடவே மின்னூட்டமும் இடம் நகர்கிறது. ஆனால் பக்கத்து மூலக்கூறு எதிர்த்திசையில் இருந்தால் இரண்டு நகர்வுகளும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் குடியாத்தத்துத் தீப்பெட்டியைப் பிரித்து, குச்சிகளை மாற்றி மாற்றித் தலைகீழாக அடுக்கினார். அப்புறம் எல்லா மருந்துத் தலைகளையும் ஒரே பக்கம் திருப்பினார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. மூலக்கூறைச் செய்வதைவிட, அதைப் படிகத்தில் ஒரே முகமாக நிற்கவைப்பதுதான் கடினம் என்பது என் கருத்து.

குரோமியம் ஆக்சைடு பற்றிப் படித்த மாலையையும் மறக்க முடியாது. மின்புலம் காந்தத்தை உண்டாக்கும் என்று 1960-ல் முதலில் நிரூபிக்கப்பட்டது அதில்தான். குரோமியம் என்றாலே ராணிப்பேட்டை தோல் கழிவும் பாலாறும் நினைவுக்கு வருகிற வட்டாரம் நம்முடையது. அதே உலோகத்துக்கு இப்படியும் ஒரு முகம் உண்டென்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

இதனால் என்ன பயன்? மின்னோட்டத்தைச் செலவழிக்காமல் மின்னழுத்தத்தாலேயே காந்தத்தில் தகவலைப் பதிந்தால் சூடும் விரயமும் குறையும். இதுவரை கண்ட விளைவுகளில் பலவும் கடுங்குளிரில் மட்டுமே தென்படுவதுதான் தடை.

வரும் ஆண்டில், சூடேற்றினால் நிறம் மாறும் இரும்புச் சேர்மம் ஒன்றைக் கல்லூரி ஆய்வகத்தில் நேரில் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்