எறும்புப் புற்றில் பெட்ரோல் ஊற்றச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பின் வீட்டுக்குறிப்புப் பகுதியில், அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டில் தங்கியிருக்கும் பெற்றோருக்கு ஒரு வாசகர் யோசனை சொல்லியிருந்தார். புல்தரையில் நெருப்பெறும்புப் புற்றைக் கண்டால் பெட்ரோலை ஊற்றிவிடுங்கள் என்று! ஹூஸ்டன் பக்கம் கேட்டி என்ற ஊரில், மகள் வீட்டில் உட்கார்ந்து படித்த எனக்குப் பகீர் என்றது. புல் கருகும், மண்ணும் நிலத்தடி நீரும் கெடும், தீப்பிடிக்கிற ஆபத்து வேறு. இந்த ஊரில் அது சட்டப்படியும் தவறு.

சரி, எறும்பாவது ஒழியுமா? மழை விட்டதும் இங்கே பொலபொலவென்று மண்மேடு எழும்பும். உச்சியில் துவாரமே இருக்காது. குச்சியால் லேசாகத் தொட்டால் போதும், குச்சி மேலேயே சரசரவென்று ஏறி வரும். கடித்துப் பிடித்துக்கொண்டு கொடுக்கால் கொட்டும். மறுநாள் அந்த இடத்தில் வெள்ளைக் கொப்புளம். நம் கண்ணில் படுவது மேடு மட்டும்தான். ராணி கீழே சுரங்கத்தில் இருக்கிறது, சில புற்றுகளில் ராணிகளே பல. அது பிழைத்தால் நாலடி தள்ளி அடுத்த மேடு.

அதனால் வேலைக்கார எறும்புகளை வைத்தே ராணிக்கு விஷம் ஊட்டவேண்டும். மக்காச்சோள நொய்யில் சோயா எண்ணெயையும் மருந்தையும் ஊறவைத்த இரைமருந்து இங்கே கடைகளில் கிடைக்கிறது. மெதுவாக வேலை செய்வதுதான் அதன் சூட்சுமம். தூக்கிப்போகும் எறும்பு வழியிலேயே செத்தால் ராணிக்கு எப்படிப் போய்ச் சேரும்? டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக வேளாண் விரிவாக்கப் பிரிவினர் சொல்வதும் இதைத்தான்: முதலில் தரை முழுக்க இரையைத் தூவவேண்டும். அப்புறம் சில நாள் கழித்து, குழந்தைகள் விளையாடும் இடத்தில் தொல்லை தரும் புற்றுக்கு மட்டும் தனி மருந்து.

தூவும் முன் புற்றுக்கருகே எண்ணெய்ப் பண்டம் வைத்துப் பார்க்கவேண்டும். இந்த ஊர்க்காரர்கள் உருளைக்கிழங்கு சிப்ஸ் வைப்பார்கள். நான் வைத்தது முறுக்குத் துண்டு. கால் மணி நேரத்தில் மொய்த்துவிட்டது. கோடையில் உச்சிவெயிலில் வராது, சாயங்காலம்தான் தோது. தரை காய்ந்திருக்கவேண்டும், அன்றைக்கே ஸ்பிரிங்க்ளரைத் திறந்தால் காசு தண்டம். புற்றின் மேலேயே கொட்டாமல் சுற்றிலும் தூவுங்கள். பிரித்த டப்பாவை அடுத்த வருஷத்துக்குப் பத்திரப்படுத்தவேண்டாம், எண்ணெய் சிக்குப் பிடித்தால் எறும்பு சீண்டாது.

பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். என் மாப்பிள்ளைக்கு அதற்குள் பொறுமை போய்விட்டது! கொதிக்கும் வெந்நீரும் ஓரளவு கேட்கும், ஆனால் புல்லும் சேர்ந்து வெந்துவிடும். அடியோடு ஒழிப்பது நடக்காத காரியம். 1930-களில் அலபாமாவின் மொபைல் துறைமுகம் வழியாகத் தென் அமெரிக்காவிலிருந்து வந்து ஊன்றிவிட்டவை இவை. வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை இரை தூவினால் அடங்கிக் கிடக்கும்.

கொட்டுப் பட்டவருக்கு மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே இங்கத்திய அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்கவேண்டும். இதையும் சேர்த்து, அந்தப் பெட்ரோல் குறிப்புக்கு அதே பகுதியில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கும்பகோணம் வாசகி,
தற்சமயம் கேட்டி, டெக்சாஸ்